எஸ்டிஸ் கீஃபாவர்: மாத்திரை விலையைக் கேள்வி கேட்ட செனட்டர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யார் இந்த எஸ்டிஸ் கீஃபாவர்?

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்திலிருந்து 1949 முதல் 1963 வரை செனட்டில் இருந்தவர். ஜனநாயகக் கட்சிக்காரர். இரண்டு முறை அதிபர் வேட்பாளராக முயன்றார், ஒரு முறை துணை அதிபர் வேட்பாளராக நின்று தோற்றார். மாஃபியா கும்பல்களை விசாரித்துத் தொலைக்காட்சியில் பிரபலமானார். ஆனால் இன்று உலகம் முழுக்க ஒரு புது மருந்து கடைக்கு வருவதற்கு முன் “இது உண்மையிலேயே வேலை செய்கிறதா?” என்று நிரூபிக்கச் சொல்கிறார்களே, அந்த வழக்கம் சட்டமானதில் இவருக்குத்தான் பெரிய பங்கு. வேடிக்கை என்னவென்றால், அவர் முக்கியமாகக் கேட்டது அதுவல்ல. அவர் கேட்டது விலைக் குறைப்பு. அது கிடைக்கவே இல்லை.

எங்கே பிறந்தார்? குடும்பம் எப்படி?

1903 ஜூலை 26 அன்று, டென்னசியின் கிழக்குப் பகுதியில் மலையடிவாரச் சிற்றூரான மேடிசன்வில்லில். அப்பா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தவர், ஊர் மேயராகவும் இருந்தார். வசதிக்குக் குறைவில்லை. அண்ணன் ராபர்ட் ஆற்றில் நேர்ந்த விபத்தால் இளவயதிலேயே இறந்துபோனார். டென்னசி பல்கலைக்கழகத்தில் படித்துவிட்டு ஒரு வருடம் ஆர்கன்சாவில் கணக்கு வாத்தியாராகவும் கால்பந்துப் பயிற்சியாளராகவும் இருந்தார். பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் முடித்து, சட்டனூகா நகரில் வக்கீல் தொழில். 1935-ல் நான்சி பிகட் என்ற ஸ்காட்லாந்துப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார். நான்சி ஓவியர். கணவர் இறந்த பிறகு அமெரிக்கத் தூதரகங்களில் ஓவியங்கள் வைக்கும் அரசுத் திட்டத்தின் முதல் இயக்குநரானார்.

கீஃபாவர் 1939-ல் ஒரு இடைத்தேர்தலில் பிரதிநிதிகள் சபைக்குப் போனார். அங்கே அவர் விடாப்பிடியாக ஆதரித்தது டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை, அதாவது அரசே அணை கட்டி மின்சாரம் விற்ற நிறுவனத்தை. தனியார் மின் கம்பெனிகளுக்கு அது கண்ணில் விழுந்த தூசி. பின்னால் வந்த அவருடைய சண்டைகள் பலவற்றுக்கும் இதே ஆணையம்தான் ஏதோ ஒரு வகையில் காரணமாக இருந்தது.

ரோமத் தொப்பி போட்ட படங்கள் நிறைய இருக்கின்றனவே, அது ஏன்?

1948 செனட் தேர்தல் கதை அது. டென்னசி அரசியலை அப்போது மெம்ஃபிஸ் நகரத்தின் எட்வர்ட் க்ரம்ப் கைக்குள் வைத்திருந்தார். யாருக்குச் சீட்டு, யாருக்குப் பதவி, எல்லாம் அவர் வாக்கு. கீஃபாவர் அவர் ஆளில்லை. க்ரம்ப் நாளிதழ்களில் பெரிய விளம்பரம் கொடுத்தார்: கீஃபாவர் வளர்ப்பு ரக்கூன் (அமெரிக்கக் காட்டுச் சிறுவிலங்கு) மாதிரி, முகத்தை வேறு பக்கம் திருப்பி அப்பாவியாக வைத்துக்கொண்டே மேசை இழுப்பறைக்குள் கையை விடுகிறார், ரகசியமாகக் கம்யூனிஸ்டுகளுக்கு உதவுகிறார் என்று.

கீஃபாவர் கோபப்படவில்லை. ரக்கூன் தோல் தொப்பி ஒன்றைத் தலையில் போட்டுக்கொண்டு மேடை ஏறினார். நான் ரக்கூனாகவே இருந்துவிட்டுப் போகிறேன், ஆனால் க்ரம்ப் வளர்க்கும் ரக்கூன் இல்லை என்றார். டென்னசிக்காரர்களுக்கு அந்தத் தொப்பி பழைய எல்லைப்புற வீரர்களின் அடையாளம். யேல் பட்டதாரியான வக்கீலுக்கு அது ஒரே நாளில் ஊர்க்காரன் வேஷம் கொடுத்தது. க்ரம்ப்பின் வேட்பாளர் தோற்றார், பதவியில் இருந்த செனட்டரும் தோற்றார். பல பத்தாண்டுகள் நின்ற ஒரு மாநில சாம்ராஜ்யம் அந்தத் தேர்தலோடு ஆட்டம் கண்டது.

மாஃபியா விசாரணை என்றால் என்ன?

1950 மே மாதம் செனட் அமைத்த ஒரு சிறப்புக் குழு. மாநில எல்லை தாண்டி நடக்கும் குற்றத் தொழிலை, முக்கியமாகச் சூதாட்டத்தை, ஆராய வேண்டும் என்பது வேலை. கீஃபாவர் தலைவர். குழு 14 நகரங்களுக்குப் போய் 600-க்கும் மேற்பட்ட சாட்சிகளை விசாரித்தது.

1951 மார்ச்சில் நியூயார்க் விசாரணை நேரடியாக ஒளிபரப்பானது. தொலைக்காட்சி அப்போதுதான் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. கும்பல் தலைவர் ஃப்ராங்க் காஸ்டெல்லோ தன் முகத்தைக் காட்டக் கூடாது என்று சண்டை போட்டார், சரி என்று கேமராவை அவர் கைகளுக்குத் திருப்பினார்கள். பிசைந்துகொண்டும் காகிதத்தைக் கசக்கிக்கொண்டும் இருந்த அந்தக் கைகளை நாடே பார்த்தது. முகத்தைக் காட்டியிருந்தால்கூட இவ்வளவு கெட்ட பெயர் வந்திருக்காது.

இந்த விசாரணையிலிருந்து பெரிய சட்டம் எதுவும் பிறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கீஃபாவருக்குக் கிடைத்தது நாடு தழுவிய பெயரும், ஒரு பாடமும்: பொது விசாரணையில் எண்களை வெளியே வைத்தால், சட்டம் வராவிட்டாலும் மக்கள் நினைவில் நிற்கும்.

அவருடைய கட்சிக்குள் இதனால் எதிரிகள் பெருகினார்கள். பெரிய நகரங்களில் சூதாட்டக் கும்பல்களுக்குப் பின்னால் நின்ற அரசியல்வாதிகள் பலர் ஜனநாயகக் கட்சிக்காரர்கள். சிகாகோ விசாரணையில் வெளிவந்த போலீஸ் ஊழல், 1950-ல் செனட்டின் ஜனநாயகக் கட்சித் தலைவர் ஸ்காட் லூகாஸ் தன் இடத்தை இழக்க ஒரு காரணமானது.

அப்படியானால் ஏன் அதிபராகவில்லை?

மக்களிடம் வாக்கு இருந்தது, கட்சி மேலிடத்தில் நண்பர்கள் இல்லை. 1952-ல், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடக்கும் நியூ ஹாம்ப்ஷயர் முதற்கட்டத் தேர்தலில் பதவியில் இருந்த அதிபர் ட்ரூமனையே தோற்கடித்தார். பனியில் தெருத்தெருவாக நடந்து, கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் கைகொடுத்து, “நான் எஸ்டிஸ் கீஃபாவர், அதிபர் தேர்தலுக்கு நிற்கிறேன்” என்று சொல்லிக்கொண்டே போவது அவர் பாணி. சில வாரங்களில் ட்ரூமன் தான் போட்டியிடப் போவதில்லை என்று அறிவித்தார். கீஃபாவர் 12 மாநிலங்களில் வென்று, வேட்பாளரை முடிவுசெய்யும் கட்சி மாநாட்டுக்கு வந்தார், முதல் இரண்டு சுற்று வாக்கெடுப்பிலும் முன்னணியில் இருந்தார். மூன்றாவது சுற்றில் கட்சிப் பெரியவர்கள் அட்லாய் ஸ்டீவன்சனைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

1956-ல் மறுபடி ஸ்டீவன்சன்தான். ஆனால் துணை அதிபர் வேட்பாளரை மாநாடே தேர்ந்தெடுக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். கீஃபாவர் அந்தப் போட்டியில் ஜான் எஃப். கென்னடி என்ற இளம் செனட்டரைத் தோற்கடித்தார். நவம்பரில் எதிர்க்கட்சியின் ஐசன்ஹோவர் பெருவெற்றி பெற்றார். கென்னடிக்கு அந்தத் தோல்வி நல்லதாகப் போயிற்று, தோற்ற கூட்டணியின் பெயர் அவர் மேல் ஒட்டவில்லை. கீஃபாவருக்கு அதிபர் கனவு அங்கே முடிந்தது. அவருடைய முக்கியமான வேலை எல்லாம் அதற்கு அப்புறம்தான் வருகிறது.

நுகர்வோர் பக்கம் எப்போது திரும்பினார்?

திரும்பவில்லை, தொடக்கத்திலிருந்தே அங்கேதான் இருந்தார். 1950-லேயே ‘செல்லர்–கீஃபாவர் சட்டம்’ வந்துவிட்டது. அதற்கு முன் ஒரு கம்பெனி போட்டிக் கம்பெனியின் பங்குகளை வாங்கினால் ஏகபோகத் தடைச் சட்டம் குறுக்கே வரும். பங்கை விட்டுவிட்டு தொழிற்சாலையையும் இயந்திரங்களையும் வாங்கிவிட்டால் வராது. அந்த ஓட்டையை அடைத்தது இந்தச் சட்டம். அமெரிக்காவில் இன்றும் கம்பெனி இணைப்புகளைத் தடுக்க அரசு வழக்குப் போடும்போது அந்தத் திருத்தப்பட்ட பிரிவைத்தான் பிடிக்கிறது.

1957-ல் செனட்டின் ஏகபோக எதிர்ப்புத் துணைக்குழுவுக்குத் தலைவரானார். பொருளாதார அறிஞர் ஜான் பிளேர் உள்ளிட்ட ஒரு நல்ல குழு உடன் இருந்தது. அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி: சந்தையில் தேவை குறைந்தாலும் சில பொருள்களின் விலை ஏன் குறைவதே இல்லை? எஃகு, கார், ரொட்டி என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்கள். எஃகு விசாரணையில் எல்லாக் கம்பெனிகளும் ஒரே விலை சொல்வது ஏன் என்று கேட்டபோது, யூ.எஸ். ஸ்டீல் தலைவர் ரோஜர் பிளவ், அடுத்தவர் விலைக்குச் சமமாக நம் விலையை வைப்பதும் போட்டிதான் என்று வாதிட்டார். முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்ன வாதம்.

மின் இயந்திர ஊழலில் அவர் பங்கு என்ன?

டென்னசி பள்ளத்தாக்கு ஆணையம் மின்சாதனங்கள் வாங்க மூடிய உறையில் ஒப்பந்தப்புள்ளி கேட்டது. உறைகளைத் திறந்தால் பல கம்பெனிகளின் தொகை சென்ட் வரை ஒன்றாக இருந்தது. 1959-ல் ஒரு நாக்ஸ்வில் நாளிதழ் இதை வெளியிட்டது. கீஃபாவர் அந்த ஊருக்கே போய் விசாரணை வைத்தார். நீதித் துறையும் களத்தில் இறங்கியது. ஜெனரல் எலெக்ட்ரிக், வெஸ்டிங்ஹவுஸ் உள்ளிட்ட 29 கம்பெனிகள் விலையைப் பேசி வைத்துக்கொண்டது வெளியே வந்தது. 1961 பிப்ரவரியில் ஃபிலடெல்பியா நீதிமன்றம் கிட்டத்தட்ட 20 லட்சம் டாலர் அபராதம் போட்டது. அதோடு 7 நிர்வாகிகளை 30 நாள் சிறைக்கும் அனுப்பியது. கோட்டு சூட்டு போட்டவர்கள் விலைக் கூட்டுக்காகச் சிறைக்குப் போவது அப்போது யாரும் எதிர்பார்க்காத விஷயம்.

மருந்து விலை விசாரணை எப்படித் தொடங்கியது?

துணைக்குழு ஊழியர்கள் துறைவாரியாக லாபக் கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மருந்துத் துறை தனியாகத் துருத்திக்கொண்டு நின்றது. மற்ற உற்பத்தித் துறைகளின் சராசரியைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு லாபம். 1959 டிசம்பர் 7 அன்று விசாரணை தொடங்கியது.

முதல் நாளே ஷெரிங் கம்பெனி. மூட்டு வாதத்துக்கான பிரட்னிசலோன் மாத்திரையை எடுத்துக்கொண்டார்கள். ஒரு மாத்திரை தயாரிக்கும் செலவு சுமார் 1.6 சென்ட். மருந்துக் கடைக்கு விற்கும் விலை 17.9 சென்ட். நோயாளி கொடுப்பது ஏறக்குறைய 30 சென்ட். வாதக்காரர்கள் இதை மாதக்கணக்கில், வருடக்கணக்கில் விழுங்க வேண்டும், அவர்களில் பலர் வயதானவர்கள்.

அடுத்து ஒரு பெண் ஹார்மோன் மருந்து. பிரான்சின் ரூசல் கம்பெனியிடமிருந்து மொத்தமாக வாங்கி, மாத்திரையாக்கி, தன் பெயர் ஒட்டி ஷெரிங் விற்றது. 60 மாத்திரை கொண்ட புட்டிக்குள் இருந்த மருந்தின் விலை 11.7 சென்ட், கடைக்குக் கொடுத்தது 8.40 டாலருக்கு. கூட்டிவைத்த விலை 7,079 சதவீதம் என்று கீஃபாவர் தன் மெதுவான தெற்கத்தி இழுவைப் பேச்சில் வாசித்தார். மறுநாள் நாளிதழ்களுக்கு வேறு தலைப்பே தேவைப்படவில்லை.

கம்பெனிகள் சொன்ன பதிலில் நியாயமே இல்லை என்று சொல்ல முடியாது. மாத்திரையில் இருக்கும் சரக்கின் விலையை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டால் எப்படி, ஆராய்ச்சிக்குச் செலவில்லையா, தோற்றுப்போன நூறு முயற்சிகளுக்கு யார் பணம் கொடுப்பது என்று கேட்டார்கள். இந்த வாதம் இன்றுவரை ஒரு எழுத்து மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. ஆனால் ரூசலிடமிருந்து வாங்கிய மருந்துக்கு ஷெரிங் என்ன ஆராய்ச்சி செய்தது என்று கீஃபாவர் கேட்டபோது அந்த இடத்தில் பதில் திணறியது. பெரிய கம்பெனிகளின் கணக்கைத் துணைக்குழு கூட்டிப் பார்த்ததில், விற்பனை வருமானத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு விளம்பரத்துக்கும் விற்பனைப் பிரதிநிதிகளுக்கும் போனது, ஆராய்ச்சிக்குப் போனது சுமார் 6 சதவீதம்.

கீஃபாவர் அடிக்கடி சுட்டிக்காட்டிய ஒன்று உண்டு: மருந்துச் சந்தையில் எழுதித் தருபவர் வாங்குவதில்லை, வாங்குபவர் தேர்ந்தெடுப்பதில்லை. காரோ ரொட்டியோ விலை அதிகம் என்றால் அடுத்த கடைக்குப் போகலாம். டாக்டர் சீட்டில் பிராண்டு பெயர் எழுதிவிட்டால் நோயாளி அதைத்தான் வாங்கியாக வேண்டும். அவருடைய மொத்த நுகர்வோர் அரசியலையும் இந்த ஒரு கவனிப்பில் அடக்கிவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவர் கொண்டுவந்த மசோதாவில் என்ன இருந்தது?

1961 ஏப்ரலில் அறிமுகமானது. அதன் உயிர்நாடி காப்புரிமைப் பகுதி. புது மருந்துக்குக் கம்பெனிக்கு 3 ஆண்டுகள் தனியுரிமை. அதற்குப் பிறகு தகுதியுள்ள எந்தக் கம்பெனி கேட்டாலும் தயாரிக்க உரிமம் கொடுத்தாக வேண்டும், அதிகபட்சம் 8 சதவீத உரிமத் தொகை வாங்கிக்கொள்ளலாம். போட்டி வந்தால் விலை தானாக இறங்கும் என்பது கணக்கு. மருந்து பலன் தருகிறது என்று அரசிடம் நிரூபிக்க வேண்டும், மருந்தின் பொதுப்பெயரை (கம்பெனி வைத்த பிராண்டு பெயர் அல்ல, மருந்துக்கே உரிய பெயர்) பெரிதாக அச்சிட வேண்டும் போன்றவையும் இருந்தன.

மருத்துவர் சங்கம் எதிர்த்தது. மருந்து வேலை செய்கிறதா என்று முடிவுசெய்ய வேண்டியது டாக்டர்தான், அரசு அலுவலகம் அல்ல என்றது. காப்புரிமைப் பகுதி செனட்டின் நீதிக் குழுவிலேயே விழுந்தது. 1962 ஜூனில் இன்னும் மோசம். குழுத் தலைவர் ஈஸ்ட்லண்ட், எதிர்க்கட்சித் தலைவர் டர்க்சன் ஆகியோரின் ஆட்களும் கென்னடி நிர்வாகத்தின் அதிகாரிகளும் கீஃபாவருக்குத் தெரியாமல் தனியாக உட்கார்ந்து மசோதாவின் எஞ்சிய பற்களையும் பிடுங்கினார்கள். மசோதாவைக் கொண்டுவந்தவருக்கே அழைப்பில்லை. பொதுவாகக் குரல் உயர்த்தாத மனிதர், அன்று செனட்டில் எழுந்து தன் சொந்தக் கட்சி நிர்வாகத்தையே போட்டுத் தாக்கினார். எல்லோரும் மசோதா செத்துவிட்டது என்றே நினைத்தார்கள்.

அப்புறம் எப்படி சட்டமானது?

தாலிடோமைடு. 1957-ல் மேற்கு ஜெர்மனியில் தூக்க மருந்தாக விற்பனைக்கு வந்தது. கர்ப்பிணிகள் வாந்திக்காகவும் எடுத்துக்கொண்டார்கள். கை கால் வளராத குழந்தைகள் பிறந்தன. உலகம் முழுக்கப் பாதிக்கப்பட்டவர்கள் 10,000-க்கும் மேல் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. 1961 நவம்பரில் ஜெர்மனியில் திரும்பப் பெறப்பட்டது.

அமெரிக்காவில் இந்த மருந்துக்கு 1960 செப்டம்பரில் அனுமதி கேட்டது மெரல் கம்பெனி. விண்ணப்பம் வந்து சேர்ந்தது, மருந்துகளுக்கு அனுமதி தரும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ.வில் புதிதாகச் சேர்ந்திருந்த டாக்டர் ஃபிரான்சிஸ் கெல்சியின் மேசைக்கு. ஆதாரம் போதாது என்று அவர் திருப்பித் திருப்பி அனுப்பினார். கம்பெனி மேலதிகாரிகள் வரை போய் அழுத்தம் கொடுத்தும் அவர் நகரவில்லை. இருந்தாலும் “சோதனை” என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட டாக்டர்களுக்கு 25 லட்சம் மாத்திரைகளைக் கம்பெனி ஏற்கெனவே கொடுத்திருந்தது. பல நோயாளிகளுக்குத் தாங்கள் விழுங்குவது அனுமதி பெறாத மருந்து என்பதே தெரியாது.

இந்தக் கதை 1962 ஜூலை 15 அன்று வாஷிங்டன் போஸ்ட் முதல் பக்கத்தில் வந்தது. தகவல் கொடுத்தது கீஃபாவரின் துணைக்குழு ஊழியர்கள். நாடு கொதித்தது. ஒரு மாதத்துக்கு முன் மசோதாவைக் கழுத்தறுத்த அதே ஆட்கள் அதைத் தூக்கி நிறுத்த ஓடிவந்தார்கள். ஆகஸ்டில் செனட் ஒரு எதிர் வாக்குகூட இல்லாமல் 78–0 என்று நிறைவேற்றியது. அக்டோபர் 10 அன்று கென்னடி கையெழுத்திட்டு, பேனாவைக் கீஃபாவரிடம் கொடுத்தார். பிரதிநிதிகள் சபையில் கொண்டுசென்ற ஓரன் ஹாரிஸ் பெயரையும் சேர்த்து ‘கீஃபாவர்–ஹாரிஸ் திருத்தங்கள்’ என்கிறார்கள்.

கறாராகப் பார்த்தால், தாலிடோமைடு பிரச்சினை பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. பாதுகாப்பை நிரூபிக்க வேண்டும் என்று 1938 சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது, கெல்சி மருந்தைத் தடுத்ததும் அந்தப் பழைய சட்டத்தை வைத்துத்தான். ஒரு காரணத்துக்காக எழுதிய மசோதா வேறொரு காரணத்தால் பிழைத்தது.

சட்டம் என்ன மாற்றியது?

சுருக்கமாக:

- மருந்து பாதுகாப்பானது என்பதோடு, சொன்ன நோய்க்குப் பலன் தருகிறது என்பதையும் முறையான, கட்டுப்பாடுள்ள ஆய்வுகளால் காட்ட வேண்டும்.
- சோதனையில் சேர்க்கப்படும் நோயாளியிடம் சம்மதம் வாங்க வேண்டும்.
- பக்கவிளைவுகள் தெரியவந்தால் கம்பெனி அரசுக்குத் தெரிவிக்க வேண்டும்.
- பிராண்டு பெயர் இருக்கும் இடத்தில், அதில் பாதி அளவாவது பெரிதாகப் பொதுப்பெயரையும் அச்சிட வேண்டும்.
- டாக்டர்களுக்கான மருந்து விளம்பரங்களை எஃப்.டி.ஏ. கண்காணிக்கும்.

இதில் முதலாவதுதான் மலையைப் புரட்டியது. 1938 முதல் 1962 வரை அனுமதி பெற்ற மருந்துகளையும் திரும்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. 3,000-க்கும் மேற்பட்டவற்றை அறிஞர் குழுக்கள் ஆராய்ந்ததில், சுமார் ஆயிரம் மருந்துகள் பலனற்றவை என்று தள்ளப்பட்டன. அத்தனை வருடம் மக்கள் காசு கொடுத்து விழுங்கியவை அவை.

விலை பற்றி? ஒரு வரிகூட இல்லை.

இந்தச் சட்டத்தால் புது மருந்துகள் வருவது குறைந்ததாகச் சொல்கிறார்களே?

சொல்கிறார்கள். பொருளாதார அறிஞர் சாம் பெல்ட்ஸ்மன் 1973-ல் இப்படி வாதிட்டு எழுதியது பெரிய விவாதமானது. 1962-க்குப் பிறகு ஆண்டுக்கு வரும் புது மருந்துகளின் எண்ணிக்கை குறைந்தது உண்மை. சில மருந்துகள் ஐரோப்பாவுக்கு வந்த பிறகு தாமதமாகவே அமெரிக்கா வந்தன. ஆனால் குறைந்ததில் எத்தனை நல்ல மருந்து, எத்தனை அந்த ஆயிரத்தோடு சேர வேண்டியது என்று பிரிக்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆய்வுச் செலவு ஏறியதால் சின்னக் கம்பெனிகள் ஒதுங்கி, பெரியவை இன்னும் பெரிதாயின என்ற குற்றச்சாட்டு கனமானது. ஏகபோகத்தை எதிர்த்தவர் பெயரிலேயே அது நடந்தது என்றால் கீஃபாவருக்குக் கசந்திருக்கும்.

இந்தியாவோடு ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நேரடியாகவே. துணைக்குழு மருந்து விலைகளைப் பல நாடுகளோடு ஒப்பிட்டது. ஆன்டிபயாடிக் உள்ளிட்ட மருந்துகளில் உலகிலேயே விலை மிக அதிகமான நாடுகளில் ஒன்று இந்தியா என்று அதன் 1961 அறிக்கை சொன்னது. தனிநபர் வருமானத்தில் அடிமட்டத்தில் இருந்த நாடு! அப்போது இங்கே நடப்பில் இருந்தது 1911-ம் ஆண்டின் ஆங்கிலேயர் காலக் காப்புரிமைச் சட்டம்.

இதே காலத்தில், சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் இந்தியக் காப்புரிமைச் சட்டத்தை ஆராய்ந்து 1959-ல் அறிக்கை கொடுத்திருந்தார். அதன் அடிப்படையில் வந்த 1970 காப்புரிமைச் சட்டம், மருந்துக்குப் பொருள் காப்புரிமை கிடையாது, தயாரிப்பு முறைக்கு மட்டும்தான் என்றது, அதாவது வேறு முறையில் அதே மருந்தை மற்றவர்களும் தயாரிக்கலாம். அந்தச் சட்டத்துக்கான விவாதங்களில் கீஃபாவர் குழுவின் கண்டுபிடிப்பு மீண்டும் மீண்டும் மேற்கோள் காட்டப்பட்டது. இந்திய ஜெனரிக் மருந்துத் தொழில், அதாவது அசல் பிராண்டின் அதே மருந்தை மற்றக் கம்பெனிகள் தயாரித்து விற்கும் தொழில், வளர்ந்தது அந்தச் சட்டத்தின் நிழலில்தான். தன் நாட்டில் காப்புரிமையைத் தொட முடியாமல் போன செனட்டரின் எண்கள் நம் நாட்டில் வேலை செய்தன.

நிறவெறிப் பிரச்சினையில் அவர் நிலைப்பாடு என்ன?

தெற்கத்தி செனட்டர்களுக்குள் துணிச்சலானவர், ஆனால் முழுப் போராளி என்று சொல்ல முடியாது. பள்ளிகளில் நிறப்பிரிவினையை ஒழித்த தீர்ப்பை எதிர்த்து 1956-ல் தெற்கத்தி உறுப்பினர்கள் அறிக்கை விட்டபோது கையெழுத்திட மறுத்த மிகச் சிலரில் ஒருவர். 1957, 1960 சிவில் உரிமைச் சட்டங்களுக்கு ஆதரவாக வாக்களித்தார். அதேசமயம் 1957 சட்டத்தின் வலுவைக் குறைத்த ஜூரி விசாரணைத் திருத்தத்தில் அவர் பெயரும் இருக்கிறது. 1960 தேர்தலில் இவற்றை வைத்துத் தோற்கடிக்கப் பார்த்தார்கள், மருந்து விசாரணையின் கோபமும் சேர்ந்துகொண்டது. எளிதாகவே ஜெயித்தார்.

குறைகளே இல்லாதவரா?

இல்லாமல் என்ன. அதிகமாகக் குடிப்பார் என்பது வாஷிங்டன் அறிந்த விஷயம். விளம்பர ஆசையும் உண்டு. 1954-ல் காமிக்ஸ் புத்தகங்கள் சிறுவர்களைக் கெடுக்கின்றனவா என்று நடந்த விசாரணையில், வெட்டிய தலை வரைந்த அட்டைப்படத்தைத் தூக்கிக்காட்டி, இது நல்ல ரசனையா என்று பதிப்பாளரைக் கேட்டது இவர்தான். விளைவாகக் காமிக்ஸ் தொழில் தனக்குத் தானே போட்டுக்கொண்ட தணிக்கை பல வருடங்கள் அந்தக் கலையை நெருக்கியது. மாஃபியா விசாரணையில் பலித்த அதே உத்திதான், இங்கே ஆளைத் தப்பாகப் பிடித்தது.

எப்படி இறந்தார்?

சண்டை போட்டுக்கொண்டேதான். வரிப்பணத்தில் வளர்ந்த செயற்கைக்கோள் தொழில்நுட்பத்தை காம்சாட் என்ற தனியார் நிறுவனத்திடம் கொடுக்கும் சட்டத்தை 1962-ல் கடுமையாக எதிர்த்தார். ஓயாமல் பேசி மசோதாவை நிறுத்தப் பார்த்தார்கள் அவரும் நண்பர்களும். 1927-க்குப் பிறகு முதல்முறையாக செனட் வாக்கெடுத்துப் பேச்சை முடித்துவைத்தது. அந்த நிறுவனம் அரசு ஆராய்ச்சிக்கு உரிய பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று 1963 ஆகஸ்ட் 8 அன்று செனட்டில் பேசிக்கொண்டிருந்தபோது உடல்நிலை மோசமானது. ஆகஸ்ட் 10 அன்று, பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் மகாதமனி வெடித்து இறந்தார். வயது 60. மேடிசன்வில்லில் அடக்கம் செய்தார்கள். நாஷ்வில்லில் ஒரு மத்திய அரசுக் கட்டடத்துக்கு அவர் பெயர் இருக்கிறது.

மருந்து விலையில் அவர் கேட்டது பிறகாவது நடந்ததா?

துண்டு துண்டாக. 1984-ல் ஹேட்ச்–வாக்ஸ்மன் சட்டம் ஜெனரிக் மருந்துகளுக்கு அனுமதி வாங்குவதை எளிதாக்கியது. பதிலுக்குக் காப்புரிமைக் காலத்தை நீட்டிக்கவும் வழி கொடுத்தது. முதியோருக்கான மெடிகேர் காப்பீடு சில மருந்துகளின் விலையைக் கம்பெனிகளோடு பேரம் பேசலாம் என்று சட்டம் வந்தது 2022-ல்தான். அப்படிப் பேசி முடித்த முதல் 10 மருந்துகளின் விலை 2026 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. 3 ஆண்டுக்குப் பிறகு கட்டாய உரிமம் என்ற 1961-ன் யோசனையை அமெரிக்கா இன்னும் ஏற்கவில்லை. அதற்கு அன்று சொன்ன ஆராய்ச்சிச் செலவுக் காரணத்தைத்தான் கம்பெனிகள் இன்றும் சொல்கின்றன.